கோடை விடுமுறையில் கிம்பர்லிக்குக் காரில் போகலாமா?

மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் வசிக்கும் குடும்பம். பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். தஞ்சாவூரிலிருந்து வரப்போகும் 68 வயது அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. பள்ளிக் கோடை விடுமுறையில், கிறிஸ்துமஸை ஒட்டிப் பத்து நாள் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வினில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து, குனுனுராவுக்குப் போய், அங்கிருந்து கிப் ரிவர் ரோடு வழியாக, மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியான கிம்பர்லியைக் கடந்து, அதன் மேற்குக் கரையிலுள்ள ப்ரூமில் பயணத்தை முடிக்க வேண்டும். வழியில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். வண்டிக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. "இது முடியுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. டிசம்பர் கடைசியில் கிப் ரிவர் ரோடு வழக்கமாக மூடியிருக்கும். டெர்பி பக்கமிருந்து குனுனுரா பக்கம் வரை சுமார் 660 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலை, மாட்டுப் பண்ணைகளிலிருந்து கால்நடைகளை ஏற்றிவருவதற்காகப் போடப்பட்டது. பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். முதல் பெருமழையில் ஆறுகள் அதன் குறுக்கே ஓடத் தொடங்கிவிடும். பிறகு ஏப்ரல், மே வரை திறக்காது. மூடிய சாலையில் வண்டியை இறக்கினால் அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, சேற்றில் சிக்கிய வண்டியை இழுத்துவர ஆள் கிடைப்பது.

குழப்பம் உங்களுடையது அல்ல, 'கோடை' என்ற சொல்லுடையது. மெல்பர்னில் டிசம்பர் கோடை. நான் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கும் டார்வினில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. இங்கே ஆண்டை இரண்டாகத்தான் பிரிப்பார்கள். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஜனவரி மாதத்தில் மட்டும் டார்வினில் சராசரியாக 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. உங்கள் அம்மாவுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தஞ்சாவூரில் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கே மழை கொண்டுவரும் வடமேற்குப் பருவக்காற்றும் ஒரே குடும்பம்தான். ஆசியாவின் குளிர்காலக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமிச் சுழற்சியால் திசை திரும்பி, ஈரத்தைச் சுமந்துகொண்டு ஆஸ்திரேலியாவின் வடகரையில் வந்து இறங்குகிறது.

மண் சாலை போனால் போகட்டும், தார்ச்சாலையான கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலையில் ப்ரூம் வரை போய்விடலாமே என்று அடுத்து யோசிப்பீர்கள். நானே அப்படி யோசித்தவன். கிம்பர்லியின் பரப்பு நான்கு லட்சத்து இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மூன்று தமிழ்நாடுகளை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அதன் குறுக்கே கிழக்கு மேற்காகப் போகும் தார்ச்சாலை அது ஒன்றுதான். 2023 ஜனவரித் தொடக்கத்தில், வலுவிழந்த எல்லி புயலின் மழையால் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் வெள்ளம் 15.8 மீட்டர் உயரம் ஏறி, ஃபிட்ஸ்ராய் கிராஸிங் பாலத்தை உடைத்துப்போட்டது. அந்த ஒரு பாலம் போனதும், பெர்த்திலிருந்து குனுனுராவுக்குப் போகவேண்டிய லாரிகள் தென் ஆஸ்திரேலியாவைச் சுற்றிக்கொண்டு, கண்டத்தின் நடுவே ஏறி வரவேண்டியதாயிற்று. புதிய பாலம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே திறந்துவிட்டது. ஆனாலும் பத்து நாள் விடுமுறையை ஒரே சாலையை நம்பி வைக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். டார்வினிலிருந்து ப்ரூம் அந்த வழியில் 1,850 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளமே வராவிட்டாலும் பிள்ளைகளுக்குக் காரின் பின் சீட்டுதான் விடுமுறையாக இருக்கும்.

கிப் ரிவர் ரோடுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஜூன் கடைசியில் தொடங்கும் இரண்டு வார விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். அப்போது வானம் நீலமாக இருக்கும், இரவில் போர்வை தேவைப்படும், ஊரே அங்கே கூடியிருக்கும். ஆறு மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

டிசம்பரிலேயே வருவதானால், என்னிடம் வேறொரு திட்டம் இருக்கிறது. டார்வினை மையமாக வைத்து, கக்காடு, லிட்ச்ஃபீல்டு ஆகிய தேசியப் பூங்காக்களையும் கேத்ரின் ஊரையும் தார்ச்சாலையிலேயே சுற்றிவருவது. சாதாரணக் கார் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஃபோர் வீல் டிரைவ் எடுப்பவர்களை நான் எச்சரிப்பதுண்டு. வண்டி உயரமாக இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் ஓடும் தண்ணீரில் இறங்குகிறார்கள். சாலையைக் கடந்து ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கிவிடும். நீர் கலங்கலாக இருப்பதால் அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்பதும் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தையும் படியுங்கள். நீரில் இறக்கியது, மண் சாலையில் ஓட்டியது, ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டியது ஆகியவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று பெரும்பாலும் இருக்கும். என் சித்தப்பா மகன் ஒரு நிறுவனத்தில் வண்டி எடுத்து, நாலு கிலோமீட்டர் மண் சாலையில் ஓட்டியதை அவர்கள் ஜிபிஎஸ் கருவியைப் பார்த்துக் கண்டுபிடித்து ஊர் திரும்பிய பிறகு பில் அனுப்பினார்கள்.

இனி கக்காடு. பெயரின் கடைசியில் காடு நிற்பதால் தமிழ் என்று வாதாட வேண்டாம். ககுஜு என்ற பழங்குடி மொழியின் பெயர் அப்படித் திரிந்தது. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியச் சின்னம். டார்வினிலிருந்து ஜாபிரு ஊருக்கு 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கே வாழும் பினிஞ்ச் மக்களுக்கு ஆண்டில் ஆறு பருவங்கள். நம் பெரும்பொழுதுகளும் ஆறு என்பதால் எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடித்துப்போயிற்று. நீங்கள் வரும் நேரம் 'குனுமெலெங்' முடிந்து 'குட்ஜெவ்க்' தொடங்கும் சந்தி. முன்னது, பிற்பகல்தோறும் இடி திரண்டு, சிலநாள் பெய்து, பலநாள் ஏமாற்றும் புழுக்கக் காலம். பின்னது பருவமழை. டார்வினில் பருவமழை சராசரியாக டிசம்பர் கடைசி வாரத்தில் தொடங்குகிறது. ஆகவே உங்களுக்கு எது வாய்க்கும் என்பது சீட்டுக் குலுக்கல்தான்.

மழைக்காலம் என்றால் பத்து நாளும் விடாமல் பெய்யும் என்று எண்ண வேண்டாம். பருவமழை சில நாள் வெறிபிடித்துப் பெய்யும், பிறகு ஒரு வாரம் பத்து நாள் ஓய்ந்து கிடக்கும். ஓய்ந்த நாட்களில்தான் வானவேடிக்கை. டார்வினுக்கு வடக்கே திவி தீவுகளின் மேல் இந்தப் பருவத்தில் ஏறக்குறைய அன்றாடம் பிற்பகலில் ஒரு இடிமேகம் எழும். இரண்டாம் உலகப்போர் காலத்து விமானிகள் அதைத் திசை அடையாளமாகக் கொண்டு 'ஹெக்டர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாலையில் நைட்கிளிஃப் கடற்கரையில் ஒரு விரிப்பைப் போட்டு உட்கார்ந்தால், கடலுக்கு மேல் மின்னல் கிளைவிடுவதைப் பிள்ளைகள் கணக்கெடுப்பார்கள். இடி நெருங்கினால் எழுந்து காருக்குள் போய்விடுங்கள்.

கக்காடுவில் புருங்குய் என்ற பாறைக்குன்றைக் கட்டாயம் பாருங்கள். பழைய வரைபடங்களில் நவுர்லாங்கி என்றிருக்கும். அங்கே நமர்கோன் என்ற மின்னல் மனிதனின் ஓவியம் இருக்கிறது. முழங்கையிலும் முழங்காலிலும் கற்கோடரிகளைக் கட்டிக்கொண்டு மேகத்தை அடித்து இடி எழுப்புபவன் அவன். உடலைச் சுற்றி வளைந்து நிற்கும் பட்டைதான் மின்னல். ஆரஞ்சும் நீலமுமாக மின்னும் ஒருவகை வெட்டுக்கிளி புழுக்கக் காலத்தில் வெளிவரும். அவை நமர்கோனின் பிள்ளைகள், தகப்பனைத் தேடி வருகின்றன என்பார்கள். ஜூலையில் பளபளக்கும் வெயிலில் இந்த ஓவியத்தைப் பார்த்திருக்கிறேன், அழகாக இருந்தது. ஒரு ஜனவரியில் தலைக்கு மேல் இடி உருள அதன் முன் நின்றபோது, கூட வந்த என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உபிர் பாறை ஓவியங்களும் புகழ்பெற்றவை, ஆனால் மகேலா ஓடை பெருகினால் அந்தச் சாலை நாட்கணக்கில் மூடிவிடும். திறந்திருந்தால் போங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

யெல்லோ வாட்டர் படகுப் பயணம் ஆண்டு முழுவதும் நடக்கிறது. வறண்ட காலத்தில் குறுகிய நீர்நிலையாக இருப்பது மழையில் பரந்து, மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும், படகு அவற்றுக்கு இடையே நுழைந்து போகும். தாமரை இலைகளின் மேல் நடக்கும் பறவையை அம்மாவுக்குக் காட்டுங்கள். நம் ஊர்க் குளத்து இலைக்கோழியின் உறவுதான். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்: நீர் எங்கும் பரவியிருப்பதால் முதலைகளும் பரவிவிடும். முதலையைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டுமென்றால், டார்வினிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள அடிலெய்டு ஆற்றில், இறைச்சிக்காக முதலைகள் நீரிலிருந்து எம்பும் படகுக் காட்சி இருக்கிறது. கொஞ்சம் சர்க்கஸ்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் குறையொன்றும் தெரியாது.

செலவு செய்வதற்கு ஒரே ஒரு இடம் என்றால், நான் சொல்வது ஜிம் ஜிம் அருவியின் மேல் சிறு விமானத்தில் பறப்பது. இந்த அருவியின் வேடிக்கை என்னவென்றால், சாலை திறந்திருக்கும் மாதங்கள் போகப்போக நீர் மெலிந்து, ஆகஸ்டு, செப்டம்பரில் பாறைதான் மிஞ்சும். நீர் முழக்கமிட்டு விழும் மாதங்களில் சாலை நீருக்கடியில் இருக்கும். நடந்தும் காரிலும் போகிறவர்களில் பெரும்பாலானோர் அருவியின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். முழுதாகப் பார்க்க மழைக்காலத்தில் வானத்திலிருந்துதான் முடியும். மழை நன்கு பிடித்த பிறகே அந்தக் காட்சி. டிசம்பர் 20க்குள் வந்தால் பணம் வீணாகலாம். விடுமுறையைப் புத்தாண்டுக்குப் பின், ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு நகர்த்த முடியுமானால் நகர்த்துங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். கிறிஸ்துமஸ் நாளில் கடைகண்ணிகள் பூட்டிக்கிடக்கும் என்பது இரண்டாவது காரணம்.

கக்காடுவிலிருந்து திரும்பி வராமல் தெற்கே பைன் கிரீக் வழியாகக் கேத்ரின் போய்விடலாம், அதுவும் தார்தான். நித்மிலுக் பள்ளத்தாக்கில் ஆற்று மட்டம் அனுமதித்தால் படகு ஓடும். துடுப்புப் படகும் நீச்சலும் இந்தப் பருவத்தில் கிடையாது. டார்வினுக்குத் திரும்பியதும் லிட்ச்ஃபீல்டுக்கு ஒரு நாள் கொடுங்கள். வாங்கி அருவியின் குளம் மழைக்காலத்தில் குளிக்க மூடியிருக்கும், பார்க்கலாம். பூலி ராக்ஹோல் என்ற பாறைக்குளங்களும் ஃபுளோரன்ஸ் அருவியும் பெரும்பாலான நாட்களில் குளிக்கத் திறந்திருக்கும். கனமழைக்குப் பிறகு அவற்றையும் மூடுவார்கள். பூங்கா அதிகாரிகளின் பலகையில் திறந்திருக்கிறது என்று இருந்தால் மட்டுமே காலை நனையுங்கள். வேறு எந்த ஆறு, ஓடை, குட்டையிலும் வேண்டாம்; கரையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். கடலும் அப்படித்தான். அக்டோபர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி மீன்களின் காலம். நம் கடற்கரையில் மீனவர்கள் 'சொறி' என்பார்களே, அதன் கொல்லும் வகை. பிள்ளைகள் நீரில் ஆடத்தான் வேண்டுமென்றால் டார்வின் வாட்டர்ஃபிரண்டில் செயற்கை அலைக்குளம் இருக்கிறது.

இப்போது அம்மாவைப் பற்றி. இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய். இங்குள்ள மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வருவது. மழையில் அது மேல்மண்ணுக்கும் சேற்றுநீருக்கும் வந்து, காலிலுள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகவோ, பலத்த மழைக்காற்றில் மூச்சு வழியாகவோ உடலுக்குள் போகிறது. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு அரிதாகத்தான் வரும். சர்க்கரை நோயாளிகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள், அவர்களுக்கு உயிராபத்தாகவும் ஆகலாம். தமிழ்நாட்டிலும் இந்த நோய் உண்டு, ஆனால் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே அம்மா வெறுங்காலுடனோ ரப்பர் செருப்புடனோ ஈரமண்ணில் நடக்கக் கூடாது. நீர் புகாத மூடிய காலணி வாங்கிக்கொடுங்கள். பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கட்டுப்போட்டு மூடுங்கள். புயல்மழையின்போது வெளியே நிற்க விடாதீர்கள். ஊர் திரும்பிய பின் சில வாரங்களுக்குள் காய்ச்சலோ நெஞ்சுச்சளியோ வந்தால், டாக்டரிடம் 'டார்வின் போயிருந்தோம்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கூடாரத்தில் தங்கும் யோசனையை நான் அடியோடு விலக்கச் சொல்வதும் இதனால்தான். கொசுக்களும் இங்கே ராஸ் ரிவர் காய்ச்சல் போன்றவற்றைப் பரப்புபவை. அந்திக்குப் பிறகு நீளக்கை உடை வேண்டும். இன்சுலினை நிறுத்திவைத்த காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது. அம்மாவுக்கு வருகையாளர் மருத்துவக் காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்து, வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். குடும்பத்தின் பயணக் காப்பீட்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குச் செல்லாது. புயல் பருவம் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. 1974இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் வந்த டிரேசி புயல் இந்த நகரத்தையே தரைமட்டமாக்கி 66 பேரைக் கொன்றது. இன்றைய கட்டடங்கள் அதற்குப் பிறகு வந்த விதிகளின்படி கட்டியவை. மழை நாளில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்த இரவின் காற்றொலிப் பதிவை ஓர் இருட்டறையில் கேட்கலாம். ஏழு வயதுக் குழந்தையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்களை எப்படிப் பிரிப்பது என்றால், டார்வினில் நான்கு இரவு, கக்காடுவில் மூன்று, கேத்ரினில் இரண்டு. டார்வின் நான்கையும் கடைசியில் மொத்தமாக வைக்காமல், தொடக்கத்தில் ஒன்று, முடிவில் மூன்று என்று வையுங்கள். சாலை மூடினால் விழுங்கிக்கொள்ள அந்த மூன்று நாள் இருக்கும். நாங்கள் ஒரு பிப்ரவரியில் இந்த ஏற்பாடு இல்லாமல் போய், சாலை மூடி, ஜாபிருவில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். வான்வழியாகப் பார்த்தால் முதலை வடிவில் தெரியும் ஓட்டல் அங்கே இருக்கிறது. முதலையின் வயிற்றில் இரண்டு நாள் என்று பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டியிருந்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு காலையும் வடக்குப் பிரதேச அரசின் சாலை நிலவர வலைத்தளத்தையும் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். இருட்டியதும் வாலபி என்ற சிறிய கங்காருக்களும் எருமைகளும் சாலைக்கு வரும். பல பெட்டிகளை ரயில்போல் கோத்து இழுத்துவரும் ரோடு டிரெயின் லாரிகள் எதிரே வரும், 50 மீட்டருக்கு மேல்கூட நீளம் இருக்கும், அவை உங்களுக்காகப் பிரேக் போட்டு நிற்க முடியாது.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். ஞாயிறு காலை ரேப்பிட் கிரீக் சந்தைக்குப் போனால் பாகற்காய், வெண்டைக்காய், நீளப் பயறு எல்லாம் கிடைக்கும். சிறிய ரைஸ் குக்கர் ஒன்றைக் கொண்டுவாருங்கள். டார்வினை விட்டுக் கிளம்பும் முன் அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள், ஜாபிருவில் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. டிசம்பரில் வந்தால் இங்கே மாம்பழப் பருவத்தின் வால்பகுதியாவது கிடைக்கும். புழுக்கத்தில் ஊரே எரிந்து விழுவதற்கு இவ்வூர்க்காரர்கள் வைத்த பெயரும் மாம்பழப் பைத்தியம்தான்.

கிம்பர்லியை அறவே பார்க்காமல் திரும்ப மனமில்லை என்றால், டார்வினிலிருந்து குனுனுராவுக்கு ஒரு மணி நேர விமானம் உண்டு. அங்கிருந்து சிறு விமானத்தில் ஆர்கைல் ஏரிக்கும் பங்கிள் பங்கிள் குன்றுகளுக்கும் மேலே பறந்து வரலாம். அந்தக் குன்றுகள் இருக்கும் பூங்கா மழைக்காலத்தில் தரை வழியே மூடியிருக்கும். பறப்பதும் இந்தப் பருவத்தில் குறைவு, எனவே நாளைக் கேட்டு உறுதிசெய்த பிறகு டிக்கெட் எடுங்கள். குனுனுரா மேற்கு ஆஸ்திரேலியாவில் இருப்பதால், அந்த மாநிலத்துக்குள் பழம், காய்கறி, தேன் எதையும் விடமாட்டார்கள். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். இது கேத்ரினின் இரண்டு இரவுக்குப் பதிலாகத்தான் முடியும், கூடுதலாக அல்ல.

வண்டி முன்பதிவை முப்பது நாளுக்கு முன் ரத்துசெய்தால் முன்பணம் திரும்பும் என்று எழுதியிருந்தீர்கள். அதை இன்றே செய்யுங்கள். ப்ரூமிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டை இன்னும் எடுக்கவில்லை என்று நம்புகிறேன்.